புது ரிமோட் வாங்கியும் வண்டிக் கதவு திறக்கவில்லையா?

மளிகை வியாபாரத்தில் சரக்கு வண்டி என்பது சக்கரம் வைத்த கடை. விடியற்காலையில் மண்டிக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வருகிறது. பகலில் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறது. மாலையில் வசூல் பணத்தோடு திரும்புகிறது. 2005ஆம் ஆண்டு டாடா ஏஸ் விற்பனைக்கு வந்து, ‘குட்டி யானை’ என்ற செல்லப்பெயரோடு ஊர்தோறும் பரவிய பின் சிறு வணிகர்கள் பலரும் சொந்த வண்டி வைத்துக்கொள்ளும் நிலை வந்தது. பொலிரோ பிக்கப், தோஸ்த் என்று வகைக்கும் குறைவில்லை.

இந்த வண்டிகளில் பலவற்றுக்குக் கம்பெனி தருவது சாதாரணச் சாவிப் பூட்டுதான். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கடை ஏறி இறங்கும் டிரைவர், ஒவ்வொரு முறையும் வண்டியைச் சுற்றி வந்து இரு பக்கக் கதவுகளையும் சாவி போட்டுப் பூட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பில் புத்தகம், வசூல் பை, வண்டிப் பேப்பர் எல்லாம் கேபினில்தான் இருக்கின்றன. ஆகவே வணிகர்கள் பலர் வெளிக்கடையில் ரிமோட் பூட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வயரிங் கடைக்காரர்கள் இதை ‘சென்டர் லாக்’ என்பார்கள்.

மாட்டிய புதிதில் எல்லாம் சரியாக இருக்கும். ஓரிரு ஆண்டுகள் கழித்து ரிமோட் தொலைந்துபோகும், அல்லது வேலை செய்யாமல் நின்றுவிடும். கடையில் புது ரிமோட் வாங்கி வந்து அழுத்தினால் கதவு அசையாது. ‘பெட்டியே போய்விட்டது, முழு செட்டையும் மாற்றுங்கள்’ என்று யாராவது சொல்வார்கள். முழு செட்டுக்குப் பணம் கொடுத்த பின்னும் சில வண்டிகளில் அதே கோளாறு தொடரும். கோளாறு எங்கே என்று பார்க்காமல் பாகத்தை மாற்றுவதால் வரும் நஷ்டம் இது. பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் தவிர்க்க வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

ஃபோர்டு பிக்கப் சொல்லும் பாடம்

சாவியில்லாமல் திறக்கும் பூட்டைக் காரில் முதலில் கொண்டுவந்த நிறுவனங்களுள் அமெரிக்காவின் ஃபோர்டு ஒன்று. 1980ஆம் ஆண்டு தண்டர்பேர்ட், லிங்கன் வகைக் கார்களில், டிரைவர் கதவின் வெளிப்புறத்தில் ஐந்து பொத்தான்கள் கொண்ட கீபேடை அது வைத்தது. ஒவ்வொரு பொத்தானிலும் இரண்டு எண்கள் இருக்கும்: 1-2, 3-4, 5-6, 7-8, 9-0. ஐந்து இலக்க இரகசிய எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். பிற்காலத்தில் அந்நிறுவனத்தின் எஃப்-150 பிக்கப்பிலும் இந்தக் கீபேட் வந்தது.

இந்தக் கீபேட் பழுதாகிப் புதிது மாட்டுகிறவர்களுக்கு அங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. கீபேடில் இரண்டு வகை இருப்பதுதான் காரணம். முதல் வகை, தொழிற்சாலையிலேயே வயர் கொடுத்து இணைத்தது. அது வெறும் சுவிட்ச் பட்டை. இரகசிய எண் அதில் கிடையாது. வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஆகவே கீபேடை மாற்றினாலும் பழைய எண்ணே செல்லும். இரண்டாம் வகை, பின்னால் வாங்கி ஒட்டிக்கொள்ளும் வயரில்லாக் கீபேட். அதற்குத் தனி பாட்டரி உண்டு. ரேடியோ அலை மூலம்தான் அது வண்டியோடு பேசும். அதை முதலில் வண்டிக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அறிமுகம் செய்யாமல் எந்த எண்ணை எத்தனை முறை அழுத்தினாலும் கதவு திறக்காது.

நம் சரக்கு வண்டிகளில் மாட்டும் ரிமோட்டும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. கையில் இருப்பது குரல் கொடுக்கும் வாய் மட்டும்தான். கேட்டு முடிவு செய்வது டேஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டி. எந்தெந்த ரிமோட் நம்முடையது என்ற கணக்கு அந்தப் பெட்டியின் நினைவில் இருக்கிறது. பேரேட்டில் பெயர் ஏறாதவருக்கு மண்டியில் கடனுக்குச் சரக்குப் போடுவார்களா? அதுபோலத்தான் இதுவும். புது ரிமோட்டின் பெயர் பெட்டியின் பேரேட்டில் ஏற வேண்டும். ஏறாதவரை அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

முதலில் சாவியைப் போட்டுப் பாருங்கள்

புது ரிமோட் வேலை செய்யவில்லை என்றதும் ரிமோட்டையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதல் சோதனைக்கு ரிமோட்டே தேவையில்லை.

வெளிக்கடையில் மாட்டும் செட்டில், டிரைவர் கதவின் மோட்டாரில் பெரும்பாலும் ஐந்து வயர்கள் இருக்கும். இரண்டு வயர்கள் மோட்டாரை இயக்க. மூன்று வயர்கள் உள்ளே இருக்கும் சுவிட்சுக்கு. இடது கதவு மோட்டாரில் இரண்டே வயர்கள். டிரைவர் கதவைச் சாவியால் பூட்டினால், அந்தச் சுவிட்ச் பெட்டிக்குச் செய்தி சொல்லும். பெட்டி இடது கதவையும் பூட்டும். இந்த அமைப்பை வைத்தே கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கலாம்.

இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டு, டிரைவர் கதவைச் சாவியால் பூட்டித் திறந்து பாருங்கள். இடது கதவும் கூடவே பூட்டித் திறந்தால் ஃபியூஸ், வயர், பெட்டியின் ரிலே, இடது கதவின் மோட்டார் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். கோளாறு ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் இடையில்தான். முழு செட்டை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடது கதவு அசையவே இல்லை, டேஷ்போர்டுக்குள் ‘டக்’ என்ற ரிலே சத்தமும் இல்லை என்றால், பெட்டிக்கு மின்சாரம் வரவில்லை அல்லது டிரைவர் கதவின் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த நிலையில் எத்தனை புது ரிமோட் வாங்கினாலும் வீண்செலவு. ரிலே சத்தம் கேட்டும் கதவு அசையவில்லை என்றால், அந்தக் கதவின் மோட்டாரையோ அதற்குப் போகும் வயரையோதான் பார்க்க வேண்டும்.

செலவே இல்லாத இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்துவிட்டு வயரிங் கடைக்குப் போனால், உங்களிடம் தேவையில்லாத பாகத்தை யாரும் விற்க முடியாது.

ரிமோட் பக்கத்துக் கோளாறுகள்

முதலில் செல்லைப் பாருங்கள். புதிதாக வாங்கிய ரிமோட்டில் இருக்கும் செல் புதிதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கடையில் மாதக்கணக்கில் கிடந்ததாகவும் இருக்கலாம். வட்டமான பட்டன் செல்லின் எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது. சி.ஆர். 2032 என்றால் விட்டம் 20 மி.மீ., கனம் 3.2 மி.மீ. சி.ஆர். 2025 என்றால் அதே விட்டம், கனம் 2.5 மி.மீ. மட்டுமே. இரண்டும் 3 வோல்ட்தான் என்று சொல்லி ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால், கனம் குறைந்த செல் தகட்டில் சரியாக ஒட்டாது. ஒரு சமயம் வேலை செய்யும், ஒரு சமயம் செய்யாது. சில ரிமோட்டுகளில் சிறு உருளை வடிவ 12 வோல்ட் செல் இருக்கும். அதிலும் 23 ஏ, 27 ஏ என்று இரு வகை. நீளம் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் 27 ஏ மெலிந்தது. பழைய செல்லைக் கையில் எடுத்துப் போய் எண் பார்த்து வாங்குவதே நல்லது.

மளிகைக் கடையில் புழங்கும் ரிமோட்டுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எண்ணெய்க் கை, உப்புக் கை, வெல்லப் பிசுக்கு எல்லாம் பொத்தான் இடுக்கில் இறங்கி, உள்ளே தகட்டில் படிந்துவிடும். ரிமோட்டைத் திறந்து செல்லை எடுத்துவிட்டு, ஈரமில்லாத துணியால் தகடுகளைத் துடையுங்கள். பச்சை படிந்திருந்தால் மின்சாதனம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் பட்டன் செல் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அடுத்து, ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சிலர் செல்போன் கேமரா முன் பிடித்து அழுத்திப் பார்க்கிறார்கள். டி.வி. ரிமோட்டுக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும். டி.வி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியால் பேசுகிறது; அது கேமராவில் தெரியும். வண்டி ரிமோட் ரேடியோ அலையால் பேசுகிறது. கேமராவில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லை என்பதற்காக நல்ல ரிமோட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அழுத்தும்போது ரிமோட்டின் சிறு விளக்கு எரிந்தால் செல்லும் பொத்தானும் சரி என்று மட்டும் கொள்ளலாம். பெட்டி அதைக் கேட்கிறதா என்பதற்கு அது சாட்சியாகாது.

மூன்றாவது, அலைவரிசை. நம் ஊரில் விற்கும் ரிமோட் பூட்டுகளில் பரவலாக இருப்பது 433.92 மெகாஹெர்ட்ஸ். 315 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரிமோட்டுகளும் சந்தையில் கிடைக்கின்றன. வெளிக்கூடும் பொத்தான்களும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு அலைவரிசை ரிமோட் பேசுவது இன்னொரு அலைவரிசைப் பெட்டியின் காதில் விழாது. வெளித்தோற்றத்தை நம்பாமல், பழைய ரிமோட்டின் உட்பலகையிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

நான்காவது, குறியீடு. மலிவான பழைய செட்டுகளில் ரிமோட் எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும். அத்தகைய ரிமோட்டை நகல் எடுப்பது எளிது. அடுத்தவன் நகல் எடுப்பதும் அதே அளவு எளிது. நல்ல செட்டுகளில் ஒவ்வொரு அழுத்துக்கும் குறியீடு மாறும். இதை வணிகர்களுக்குப் புரியும்படி சொன்னால், ரிமோட்டும் பெட்டியும் ஒரே வரிசை எண் கொண்ட பில் புத்தகம் வைத்திருக்கின்றன. கடைசியாக வந்த பில் 105 என்றால், 106ஐயும் அதை அடுத்த சில எண்களையும் பெட்டி ஏற்கும். 105 மறுபடி வந்தால் தள்ளிவிடும். ஒருவன் மறைவாக நின்று அலையைப் பதிவு செய்து மீண்டும் ஒலித்தாலும் அது பழைய பில்தான், கதவு திறக்காது.

இதே முறையினால் ஒரு கோளாறும் வரும். ரிமோட்டை வீட்டில் குழந்தை விளையாட்டாக அழுத்திக்கொண்டே இருந்தால், ரிமோட்டின் பில் எண் வெகுதூரம் ஓடிவிடும். பெட்டி அங்கேயே நிற்கும். பின்பு அழுத்தினால் பெட்டி சந்தேகப்பட்டு வாய் திறக்காது. உலகெங்கும் பரவலாக உள்ள ‘கீலாக்’ என்ற முறையில், வழக்கமாக அடுத்த 16 எண்கள் வரை ஒரே அழுத்தில் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அதற்கு அப்பால் போய்விட்டால், அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கேட்ட பிறகே நம்பும். ஆகவே வண்டி அருகில் நின்று, சற்று இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஐந்தாவதாக வருவது முக்கியமானது: அறிமுகம். இதை வயரிங் கடைகளில் ‘கோடிங் போடுவது’ என்பார்கள். செட்டுக்குச் செட்டு முறை மாறும். பொதுவாக வண்டிச் சாவியை ஆன் செய்து, பெட்டியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இண்டிகேட்டரோ சிறு விளக்கோ மின்னும். சில விநாடிகளுக்குள் புது ரிமோட்டை அழுத்த வேண்டும். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மறுபடி மின்னும். நேரம் தாண்டினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில பெட்டிகள் அறிமுகம் தொடங்கியதும் பழைய ரிமோட்டுகள் அனைத்தையும் மறந்துவிடும். ஆகவே கோடிங் போடப் போகும்போது வீட்டில், கடையில், டிரைவரிடம் இருக்கும் எல்லா ரிமோட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆறாவது, தூரம். வண்டியைத் தொட்டுக்கொண்டு நின்றால் வேலை செய்கிறது, நாலடி தள்ளினால் இல்லை என்பது அடிக்கடி கேட்கும் குறை. செல் பலவீனம் ஒரு காரணம். இன்னொன்று, பெட்டியிலிருந்து தொங்கும் மெல்லிய ஏரியல் வயர். 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பொருத்தமான கால் அலை நீளம் சுமார் 17 செ.மீ. அந்த வயர் எதற்கு என்று தெரியாமல் சிலர் வெட்டிவிடுகிறார்கள். சிலர் சுருட்டி இரும்புத் தகட்டுக்குப் பின்னால் திணிக்கிறார்கள். வெட்டாமல், நீட்டி, இரும்பை ஒட்டாமல் வைத்தாலே தூரம் கூடும்.

வண்டிப் பக்கத்துக் கோளாறுகள்

சாவிச் சோதனையில் இடது கதவு அசையாத வண்டிகளுக்கு இந்தப் பகுதி. முதலில் ஃபியூஸ். ரிமோட் பூட்டுக்குப் போகும் சிவப்பு வயரில் தனி ஃபியூஸ் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் போடுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் அடுத்த முறை எரிவது வயராக இருக்கும். மாற்றிய ஃபியூஸ் மறுபடி எரிந்தால், எங்கோ வயர் உரசிப் பாடியில் படுகிறது.

அடுத்து வண்டியின் பாட்டரி. நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் ரிலே சத்தம் கேட்கும். மோட்டாருக்கு இழுக்கத் தெம்பு இருக்காது. எஞ்சினை ஓடவிட்டுச் சாவிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போது வேலை செய்தால் பாட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் உண்டு. சிறு வண்டிக்கு வாங்கிய 12 வோல்ட் செட்டை அதில் மாட்டினால் பெட்டி கருகிவிடும்.

எர்த் வயரை அவசரத்தில் பெயிண்ட் மேலேயே திருகிவிடுவது இன்னொரு தவறு. பெயிண்ட் மின்சாரத்தை விடாது. அந்த இடத்தைச் சுரண்டி, இரும்பு தெரியும்படி செய்து இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் தொல்லை தரும் பூட்டுகளில் எர்த் துருப்பிடித்திருப்பது சகஜம்.

கதவுக்கும் வண்டிக்கும் இடையே, கீல் பக்கத்தில், ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகின்றன. நாள் முழுக்கக் கதவைத் திறந்து மூடும் சரக்கு வண்டியில் அந்த வயர்கள் மடிந்து மடிந்து உள்ளுக்குள்ளே அறுந்துபோகும். வெளியில் பார்த்தால் தெரியாது. கதவைச் சற்றே திறந்து வைத்தால் வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை, அல்லது இதற்கு நேர்மாறு என்றால், சந்தேகம் அந்த ரப்பர் குழாய் மேல்தான். முறுக்கி டேப் ஒட்டுவது நிற்காது. நல்ல வயர் துண்டு கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் சத்தம் கேட்டும் பூட்டு நகரவில்லை என்றால், மோட்டாருக்கும் பூட்டுக்கும் நடுவில் உள்ள கம்பியின் ஸ்குரூ தளர்ந்திருக்கும். அல்லது பூட்டுக்குள் மாவுத்தூசியும் மண்ணும் சேர்ந்து இறுகியிருக்கும். சாவியால் பூட்டும்போதே கடினமாக இருந்தால், பூட்டைச் சுத்தம் செய்யாமல் புது மோட்டார் மாட்டுவது வீண். ஒரு கதவு பூட்டும்போது மறு கதவு திறந்தால் பயப்பட வேண்டாம். அந்த மோட்டாரின் இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிக் கொடுத்தால் போதும்.

கதவு திறக்கிறது, வண்டி கிளம்பவில்லை

சில வண்டிகளில் சாவியும் ரிமோட்டும் ஒரே கூட்டில் இருக்கும். கூடு உடைந்தால், வெறுங்கூடு வாங்கி உட்பலகையை மாற்றிப் போடுவார்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டியானால், சாவியின் தலைக்குள் ஒரு சிறு சில்லும் இருக்கும். அதற்குச் செல் தேவையில்லை; தனியாகக் கூட்டில் செருகியிருந்தால் கண்ணிலும் படாது. பழைய கூட்டோடு அதைத் தூக்கி எறிந்துவிட்டால், கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. ஆகவே புதுச் சாவியில் எஞ்சின் கிளம்பி, நின்று, மறுபடி கிளம்புவதைப் பார்த்த பிறகே பழைய கூட்டை எறியுங்கள்.

தொலைந்த ரிமோட் உயிரோடு இருக்கிறது

மேலே குறிப்பிட்ட பெரிய ஆபத்துக்கு இப்போது வருவோம். ரிமோட் தொலைந்தது, புதிது வாங்கினோம், கோடிங் போட்டோம், வேலை செய்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தீரவில்லை. பெட்டியின் பேரேட்டில் புதுப் பெயர் சேர்ந்ததே தவிர, பழைய பெயர் அடிக்கப்படவில்லை. தொலைந்த ரிமோட் யார் கையில் இருந்தாலும் அது இன்னும் உங்கள் வண்டியைத் திறக்கும்.

டிரைவர் ஒருவர் மனக்கசப்போடு வேலையை விட்டுப் போகிறார்; ரிமோட்டைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி எந்தக் கடைத்தெருவில் எத்தனை மணிக்கு நிற்கும், வசூல் பை எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அந்த ரிமோட் அவரிடமிருந்து வேறொருவர் கைக்குப் போகாது என்று யார் சொல்ல முடியும்? கணக்குப்பிள்ளை மாறினால் பாங்குக் கையெழுத்தை மாற்றுகிறோம். டிரைவர் மாறினால் ரிமோட் நினைவையும் மாற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. பெட்டியின் நினைவு முழுவதையும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்டுகளை மட்டும் மறுபடி அறிமுகம் செய்யச் சொல்லுங்கள். பின்பு ஒவ்வொன்றையும் அழுத்திச் சோதியுங்கள். வண்டியின் பாட்டரியைக் கழற்றி மாட்டினால் நினைவு அழிந்துவிடும் என்று நம்புவது தவறு. பெரும்பாலான பெட்டிகளில் மின்சாரம் நின்றாலும் நினைவு அப்படியே இருக்கும். கையில் உள்ள பழைய ரிமோட் ஒன்றை வேண்டுமென்றே சேர்க்காமல் விட்டு, அது திறக்கிறதா என்று பார்ப்பது நினைவு அழிந்ததற்கு நல்ல அத்தாட்சி.

ஃபோர்டு கீபேட் விஷயத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. தொழிற்சாலை தந்த ஐந்து இலக்க எண்ணை அழிக்க முடியாது. உரிமையாளர் தானாகச் சேர்க்கும் எண்ணை அழிக்கலாம். எனவே வேலையாட்களுக்கு இரண்டாவது எண்ணையே கொடுத்து, ஆள் மாறும்போது அழித்துவிடுவது புத்திசாலித்தனம். நிரந்தரச் சாவி முதலாளி கையில், மாற்றக்கூடிய சாவி வேலையாள் கையில் என்ற இந்த ஏற்பாடு நம் கடைப் பெட்டகத்துக்கும் பொருந்தும்.

இன்சூரன்ஸ் விஷயத்தையும் நினைவில் வையுங்கள். வண்டிக்கு எடுக்கும் மோட்டார் பாலிசி, உள்ளே இருக்கும் சரக்கின் இழப்பையோ வசூல் பணத்தின் இழப்பையோ ஈடு செய்யாது. அவற்றுக்குத் தனிப் பாலிசிகள் இருக்கின்றன. வண்டியே திருட்டுப் போனால், இழப்பீடு கோரும்போது கம்பெனி கொடுத்த எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கும்படி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வழக்கமாகக் கேட்கின்றன. ஒரு சாவி இல்லை என்றால் கேள்விமேல் கேள்வி வரும். சாவி தொலைந்தால் அன்றே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

வயரிங் கடையில் கவனிக்க வேண்டியவை

1. சாவிச் சோதனையின் முடிவை முதலில் சொல்லுங்கள். ‘சாவி போட்டால் இடது கதவும் பூட்டுகிறது’ என்ற ஒரு வாக்கியம் பாதி வேலையைக் குறைத்துவிடும்.

2. ரிமோட் வாங்கும்போது அலைவரிசை, செட்டின் பெயர், மாடல் எண் மூன்றும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

3. குறியீடு மாறும் வகையா, மாறாத வகையா என்று கேளுங்கள். புது செட்டே வாங்குவதானால் மாறும் வகையையே வாங்குங்கள்.

4. கோடிங் போடும் முறையையும் நினைவை அழிக்கும் முறையையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, கடை ஃபைலில் வையுங்கள். பெட்டியோடு வரும் அச்சுக் காகிதத்தைத் தூக்கி எறிய விடாதீர்கள்.

5. எத்தனை ரிமோட்டுகள் பெட்டியின் நினைவில் இருக்கின்றன, யார் யாரிடம் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள்.

6. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லும் கேளுங்கள்.

7. மின்பூட்டு மாட்டினாலும் சாதாரணச் சாவி ஒன்று கடையில் தனியாக இருக்கட்டும். பாட்டரி இறங்கிய நாளில் ரிமோட் எதற்கும் உதவாது.

ரிமோட் பூட்டு கேபினை மட்டுமே காக்கும். பின்னால் உள்ள சரக்குப் பெட்டிக்கு நல்ல திண்டுக்கல் பூட்டோ அதற்கு இணையான ஒன்றோ அவசியம். கேபினிலும் வசூல் பணத்தை அதிக நேரம் விட்டு வைக்காமல் இருப்பதே எந்தப் பூட்டையும்விட நல்ல பாதுகாப்பு.

கடைச் சாவி எத்தனை, யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் எந்த வணிகரும் உடனே சொல்லிவிடுவார். வண்டி ரிமோட் எத்தனை என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். இந்த வார விடுமுறையில் பத்து நிமிடம் ஒதுக்கி, கையில் இருக்கும் ரிமோட்டுகளை எண்ணிப் பாருங்கள். பெட்டியின் நினைவில் இருப்பதைவிடக் கையில் இருப்பது ஒன்று குறைந்தாலும், மறுநாள் வண்டி சரக்கு ஏற்றுவதற்கு முன் வயரிங் கடைக்குப் போகட்டும்.